ஒரே நாளில் பிறந்த ஊர்கள்
(புறநகர்க் குடியிருப்புகளின் வயதமைப்பு பற்றி ஓர் ஆய்வு)

மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியாகும்போது நாளேடுகள் பெரிய எழுத்தில் அச்சிடுவது மொத்த எண்ணிக்கையைத்தான். எத்தனை கோடி, எத்தனை இலட்சம் என்பதோடு பலருக்கும் ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. பொருளியலும் புவியியலும் பயிலும் நமக்கு அதற்கு அடுத்த கேள்வியே முக்கியம். அம்மக்கள் எந்தெந்த வயதினர்? பத்தாயிரம் பேர் வாழும் ஊர்கள் இரண்டு உள்ளன என்று கொள்வோம். ஒன்றில் பாதிப்பேர் பள்ளிச் சிறுவர். மற்றதில் பாதிப்பேர் ஓய்வூதியம் பெறுவோர். இரண்டும் ஒரே அளவுள்ள ஊர்கள் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்க முடியும்? முதல் ஊர் வகுப்பறை கேட்கும். இரண்டாவது ஊர் மருத்துவரையும், விழாமல் நடக்கத்தக்க நடைபாதையையும் கேட்கும்.

ஒரு நாட்டின் வயதமைப்பை மூன்று நிகழ்ச்சிகள் மாற்றுகின்றன என்று வகுப்பில் படித்திருக்கிறோம்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி. நாடு முழுமைக்கும் பார்த்தால் முதலிரண்டின் ஆட்சியே பெரிது. புறநகருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கு யார், எந்த வயதில், எந்த ஆண்டில் குடியேறினார்கள் என்பதே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வயதமைப்பைப் பெரிதும் முடிவு செய்துவிடுகிறது. பழைய ஊர்களில் பாட்டனும் பேரனும் ஒரே தெருவில் இருப்பர். ஒரு வீட்டில் தொட்டில் ஆடும், அடுத்த வீட்டில் பாடை கட்டுவர். அவ்வூர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சிறுகச் சிறுக நிறைந்தவை. திட்டமிட்டுக் கட்டிய புறநகரோ ஓரிரு ஆண்டுகளில் நிறைந்துவிடுகிறது. சாவியை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே வருமானத்தினர். மக்கள் தொகையியலார் இத்தகையோரை ஒத்த வயதுக் குழு என்பர். அக்குழு மூப்படைய அடைய ஊரும் மூப்படைகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு

விளக்கத்திற்காக ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலும் கணவனுக்கு 32 வயது, மனைவிக்கு 28, மூத்த பிள்ளைக்கு 5, இளையதற்கு 2. குடியேறிய நாளில் மொத்தம் 4,000 பேர். இவர்களில் 2,000 பேர் சிறுவர். முதியவர் ஒருவர்கூட இல்லை. வயதுக் கூம்பு வரைந்தால் அது கூம்பாகவே இராது. அடியில் இரண்டு தடித்த பட்டைகளும் நடுவில் இரண்டு தடித்த பட்டைகளும், இடையில் வெறும் வெளியுமாக, ஏணியின் படிகள் உடைந்தாற்போல் இருக்கும்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் பிள்ளைகளுக்கு 20, 17. பெற்றோருக்கு 47, 43. பதினைந்து வயதுக்குக் கீழ் ஒருவரும் இல்லை; அறுபதைக் கடந்தவரும் இல்லை. சார்ந்திருப்போர் விகிதம் சுழி! எந்த நிதியமைச்சரும் இப்படி ஓர் ஊரைக் கனவில்தான் காண முடியும். உழைப்போர் மிகுதி, வரி மிகுதி, செலவு குறைவு. ஆனால் தொடக்கப் பள்ளியின் மணி அடிக்க ஆளில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆனதும் பிள்ளைகள் மணமாகி வேற்றூர் போய்விட்டனர் என்று வைத்துக்கொண்டால், 67 வயது ஆண்கள் ஆயிரம்பேரும் 63 வயதுப் பெண்கள் ஆயிரம்பேரும் எஞ்சுவர். மக்கள் தொகை சரிபாதி. முதியோர் விழுக்காடு 100. வீடு ஒன்றுகூட இடியவில்லை, ஒரு குடும்பம்கூட வீட்டை விற்றுப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில் சிலர் வீட்டை விற்பர், சிலர் இறப்பர், சில பிள்ளைகள் பெற்றோருடனேயே தங்கிவிடுவர். ஆகவே நூறு விழுக்காடு என்பது எங்கும் வராது. ஆயினும் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இதன் சாயலை உண்மையான ஊர்களில் காணலாம்.

வீடு குறையாமல் ஆள் குறைந்த ஊர்

நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் லெவிட் நிறுவனம் 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகளைக் கட்டியது. ஊருக்கு லெவிட்டவுன் என்று பெயர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் கிடைத்தது. புதிதாக மணந்தோர் கைக்குழந்தையுடன் வந்து குடியேறினர். வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாதென்று தொடக்க கால ஒப்பந்தங்களில் எழுதியிருந்தனர் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வயதில் மட்டுமல்லாமல் நிறத்திலும் ஒரே மாதிரியாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஊர் அது.

1960 கணக்கெடுப்பில் அங்கு 65,276 பேர். 1970-இல் 65,440. 1980-இல் 57,045. பத்தே ஆண்டுகளில் எண்ணாயிரத்துக்கு மேல் குறைவு. கொள்ளை நோயோ பஞ்சமோ வரவில்லை. போர் முடிந்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினர், அவ்வளவே. 2010-இல் 51,881 பேர்; உச்ச நிலையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மக்கள் தொகை குறைந்தால் ஊர் பாழாகிறது என்று எண்ணுவோர் இவ்வெண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குறைந்தது ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்னும் சராசரியே.

தாமா புதுநகர்

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஜப்பானில் உள்ளது. 1960-களில் டோக்கியோவில் வேலை தேடி வந்தோர் தொகை பெருகி, வீட்டுப் பஞ்சம் தாங்க முடியாத அளவுக்குச் சென்றது. நகருக்கு மேற்கே குன்றுகள் நிறைந்த தாமா பகுதியில் ஏறத்தாழ 2,900 ஹெக்டேரில் ஒரு புதுநகர் அமைக்க 1965-இல் முடிவாயிற்று. திட்டமிட்டது சுமார் 3 இலட்சம் மக்களுக்கு. ஹச்சியோஜி, மச்சிதா, தாமா, இனாகி ஆகிய நான்கு நகராட்சிகளின் எல்லைக்குள் அது பரந்துள்ளது. (காடு அழிந்ததால் வாழ்விடம் இழந்த விலங்குகளை வைத்து ஜப்பானியர் 1994-இல் ஒரு கேலிச்சித்திரத் திரைப்படமே எடுத்தனர். அவ்விலங்குகளின் வயதமைப்பை யாரும் கணக்கெடுக்கவில்லை.)

1971 மார்ச்சில் சுவா, நாகயாமா என்னும் இரு பகுதிகளில் முதற் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தொடர்வண்டிப் பாதைகள் வந்து சேர்ந்ததோ 1974-இல். மூன்றாண்டுகள் பேருந்தில் நெருக்கியடித்துச் சென்று வேறோரிடத்தில் வண்டி பிடித்தனர். இத்தகைய அலைச்சலைத் தாங்கிக்கொள்பவர் யார்? முப்பது வயதுக்காரர்தாம். ஆக, போக்குவரத்துக் குறைபாடும் ஒரு சல்லடையாக நின்று வயதைச் சலித்தது எனலாம்.

இளம் பெற்றோர் ஒரே வேளையில் வந்ததால் பள்ளிகளும் ஒரே வேளையில் தேவைப்பட்டன. ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இரண்டு தொடக்கப் பள்ளிகள் என்னும் அளவில் குடியிருப்புப் பிரிவுகளை வகுத்திருந்தனர். பள்ளி கட்டும் செலவைத் தாங்க மாட்டாமல் தாமா நகராட்சி 1970-களின் தொடக்கத்தில் மேற்கொண்டு வீடு கட்டுவதைச் சில ஆண்டுகள் தடுத்து நிறுத்திவிட்டது. குழந்தைகள் பெருகியதால் ஒரு நகராட்சி திணறியது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். ஏனெனில் 1990-களில் அதே பகுதிகளில் பள்ளிகளை மூடியும் ஒன்றோடொன்று இணைத்தும் வந்தனர். அலை வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது, கட்டடம் நின்றது.

இங்கு இரண்டு கட்டடக் கூறுகள் நம் கவனத்துக்கு உரியவை. முதலாவது வீட்டின் அளவு. தொடக்க கால வீடுகள் 50 சதுர மீட்டர் அளவுடையவை. இரு குழந்தைகளுடன் இளந்தம்பதியர் வாழ அது போதும். பிள்ளை வளர்ந்து மணமானபின் மருமகளோடு அங்கேயே தங்க இடம் ஏது? வீடு சிறிதாக இருந்ததே இளைஞரை வெளியே தள்ளியது. பிள்ளைகளின் பாசக்குறைவு என்று இதனைத் தீர்ப்பளிப்பது எளிது. சுவரை அளந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இரண்டாவது மாடிப்படி. ஐந்து மாடிக் கட்டடங்களுக்கு லிப்ட் வைக்கவில்லை. செலவு குறையும், முப்பது வயதில் ஐந்தாம் மாடிக்குக் கைக்குழந்தையுடன் ஏறுவதும் பெரிய காரியமில்லை. எழுபது வயதில் அதே படிகள் வேறு உருக்கொள்கின்றன. அரிசி வாங்கச் சென்றவர் மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார். பிறகு வாரத்துக்கு ஒருமுறைதான் இறங்குவார். பிறகு இறங்கமாட்டார். கீழேயுள்ள கடைகள் வாங்குவாரின்றி ஒவ்வொன்றாக அடைபடும். கடை அடைபட்டபின் அடுத்த கடை தொலைவாகும். தொலைவானால் வெளியே வருவோர் இன்னும் குறைவர். வயதமைப்பின் மாற்றம் இவ்வாறு வணிகத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது.

புதுநகர் முழுவதும் ஒரே வயதாக இல்லை என்பதும் சுவையான செய்தி. 1980-களில் மேற்கே கட்டிய பகுதிகள் பெரிய வீடுகளைக் கொண்டவை. அங்கு முதியோர் பங்கு, சுவாவையும் நாகயாமாவையும் விடக் குறைவு. மரத்தை அறுத்தால் தெரியும் ஆண்டு வளையங்களைப் போலக் குடியேறிய ஆண்டை வைத்தே ஒவ்வொரு பகுதியின் வயதையும் சொல்லிவிடலாம். இன்று புதுநகரில் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வாழ்கின்றனர். திட்டமிட்ட தொகையை அது எட்டவேயில்லை. ஜப்பான் நாடு முழுவதற்கும் பார்த்தால் 65 வயது கடந்தோர் 1970-இல் 7.1 விழுக்காடு, 2020-இல் 28.6 விழுக்காடு. நாட்டின் மூப்பும் ஊரின் மூப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

இதன் துயரமான பக்கத்தைச் சிபா மாநிலத்தின் மாட்சுடோ நகரிலுள்ள தோகிவதைரா என்னும் அடுக்ககக் குடியிருப்பில் காண்கிறோம். 1960-இல் குடியேற்றம் தொடங்கியபோது ஏறத்தாழ 4,800 வீடுகள் கொண்ட அது நாகரிக வாழ்வின் அடையாளமாக விளங்கியது. 2000-ஆம் ஆண்டையொட்டி அங்கு ஒரு வீட்டில் 69 வயதுடைய ஒருவரின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். அவர் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. வாடகையும் மின்கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தாமாகவே சென்றுகொண்டிருந்தமையால் எவருக்கும் ஐயம் எழவில்லை; பணம் தீர்ந்த பிறகே கதவைத் திறந்தனர். தனிமைச் சாவு என்று பொருள்படும் ‘கொடோகுஷி’ என்னும் சொல் ஜப்பானில் பரவலாகப் பேசப்பட இதுபோன்ற நிகழ்ச்சிகளே காரணம். அக்குடியிருப்பின் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. தனித்து வாழ்வோரை அண்டைவீட்டார் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தாங்களே தொடங்கி, நாட்டிற்கே முன்னோடியாயினர்.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு புறநகரும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960 சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட சன் சிட்டி, ஓய்வு பெற்றோருக்கென்றே அமைத்த ஊர். அங்கே வருவோர் முதியவராகவே வருகின்றனர். இறந்தவர் வீட்டிற்கும் முதியவரே வருவர். ஆகவே அவ்வூரின் வயது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஆனால் அம்மக்கள் பள்ளிகளுக்கான கடன் திட்டங்களை வாக்களித்துத் தோற்கடித்து, இறுதியில் 1970-களில் அப்பள்ளி மாவட்டத்திலிருந்தே பிரிந்துவிட்டனர். தம் பேரப்பிள்ளைகள் வேறெங்கோ படிக்க, அடுத்த ஊரின் பிள்ளைகளுக்கு வரி எதற்கு என்பது அவர்கள் வாதம். எல்லா வயதினரும் கலந்து வாழும் ஊரில் இவ்வாதம் எடுபடுமா என்பது நம் சிந்தனைக்கு உரியது.

நம் பக்கத்து நிலை

இவையெல்லாம் செல்வ நாடுகளின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் 60 வயது கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு, அப்போது இந்திய அளவில் 8.6. அதன்பின் 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் மதிப்பீடுகளையே நம்ப வேண்டியதாயிற்று. 2021-க்கு வகுத்த மதிப்பீடு தமிழ்நாட்டுக்கு 13.6, 2031-க்கு 18.2. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 மட்டுமே. பிரான்சும் சுவீடனும் பல தலைமுறைகளில் கண்ட மாற்றத்தை நாம் ஒரே தலைமுறையில் காண்கிறோம்.

சென்னையைச் சுற்றியுள்ள புறநகர்கள் அனைத்தும் தாமாவைப் போன்றவை அல்ல. மனைகளைத் தனித்தனியே வாங்கி, கையில் காசு சேரும்போது கட்டிய தெருக்களில் நிறைவதற்கே இருபது ஆண்டுகள் ஆயின. அங்கு வயதும் கலந்தே இருக்கிறது. மேலும், மகனுக்குத் திருமணம் என்றால் மாடி எழுப்பும் வழக்கம் நம்முடையது. மொட்டைமாடியில் கம்பியை நீட்டி விட்டுவைப்பதே அந்த நம்பிக்கையில்தான். மாடியை வாடகைக்கு விட்டாலும் இளங்குடும்பம் ஒன்று வந்து சேருகிறது. நகரமைப்பு வல்லுநர் திட்டமிட்டுச் செய்ய முயல்வதை நம் கொத்தனாரும் வாடகைத் தரகரும் தம்மை அறியாமலே செய்து வந்துள்ளனர்.

ஆயினும் ஒரே நாளில் பிறந்த குடியிருப்புகள் நம்மிடமும் உண்டு. வீட்டுவசதி வாரியத்தின் அடுக்ககங்கள், ஓர் அலுவலகத்தார் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கட்டிய காலனிகள் ஆகியவை குலுக்கலிலும் பணிமூப்பிலும் ஒரே தலைமுறைக்குக் கிடைத்தவை. மூன்று மாடிவரை லிப்ட் இல்லாமல் கட்டுவதே அந்நாளைய வழக்கம். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, இரண்டு பேர் மூன்றாம் மாடியில் இருக்கும் வீடுகளை நம் மாணவர் பலரும் தத்தம் தெருவிலேயே பார்த்திருப்பர். அதைவிடப் பெரிதாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒருசேர எழுந்துள்ளன. அங்கு லிப்ட் உண்டு; நீச்சல் குளமும் உண்டு. குடியேறுவோர் பெரும்பாலும் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் முப்பது வயதினர். விளம்பரப் பலகைகளில் குழந்தைகள் விளையாடும் படமே வரையப்படுகிறது. மேற்சொன்ன கற்பனைக் கணக்கை அங்குப் பொருத்தினால் 2050-ஆம் ஆண்டளவில் என்ன விடை வரும் என்பதைப் படிப்போர் தாமே போட்டுப் பார்க்கலாம்.

மாற்று மருந்தாகப் பிறநாட்டினர் பலவற்றை முயன்றுள்ளனர். சுவாவில் லிப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள் 23-ஐ இடித்துவிட்டு, 640 வீடுகள் இருந்த இடத்தில் 1,249 வீடுகள் கொண்ட ஏழு கட்டடங்களை 2013-இல் எழுப்பினர். பழைய உரிமையாளர் பலர் திரும்பி வந்தனர். கூடுதல் வீடுகளை இளங்குடும்பங்கள் வாங்கின. பார்க்க அழகான தீர்வுதான். ஆனால் நிலத்தின் விலையும் எல்லா உரிமையாளரின் இசைவும் கூடிவந்தால்தான் இது நடக்கும். அதோடு புதிதாக வந்த இளையோரும் மீண்டும் ஒரே ஆண்டில் வந்தவர்களே! வீடுகளை ஒரே அளவில் கட்டாமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கட்டுவதும், விற்பனையைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பரப்புவதும், வாடகைக்கென ஒரு பங்கை ஒதுக்குவதும் இதைவிடச் செலவு குறைந்த வழிகள் என்பது என் கருத்து. கட்டுமான நிறுவனத்தார் இதற்கு எளிதில் இசையமாட்டார்கள். போட்ட பணத்தை உடனே எடுக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். பள்ளிக் கட்டடத்தைப் பிற்காலத்தில் மருத்துவ நிலையமாகவோ முதியோர் பகல்நேர இல்லமாகவோ மாற்றத்தக்கவாறு தரைத்தளத்தில் அகலமான கதவுகளோடு கட்டுவதற்காவது அவர்கள் இசையலாம்.

நாமே வரைந்து பார்க்கலாம்

தன் குடியிருப்பின் வயதுக் கூம்பை வரைய விரும்பும் மாணவர் அரசு அலுவலகங்களில் காத்திருக்க வேண்டியதில்லை. வாக்குச்சாவடி வாரியாக வெளியாகும் வாக்காளர் பட்டியலில் கதவு எண், பாலினம், வயது மூன்றும் உள்ளன. ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஆண்களை இடப்புறமும் பெண்களை வலப்புறமும் பட்டைகளாக வரைய வேண்டும். ஓராண்டு வீதம் பிரிப்பது சரிவராது. நம்மவரிடம் வயது கேட்டால், “ஒரு அறுபது இருக்கும்” என்பர். அதனால் 50, 55, 60 என முடியும் வயதுகளில் ஆட்கள் செயற்கையாகக் குவிந்துவிடுவர். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பட்டியலில் இரார். அவர்களை அங்கன்வாடியிலும் பள்ளிகளிலும் விசாரித்துச் சேர்க்க வேண்டும். வெளிநாடு சென்றவர் பெயரும் சில வேளை இறந்தவர் பெயரும் நீக்கப்படாமல் இருக்கும். ஆகவே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை வீடுவீடாகச் சென்று சரிபார்ப்பது கட்டாயம். அப்படிச் செல்கையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனையாவது மாடி என்பதையும், வீட்டில் உண்மையில் இரவு தங்குவோர் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் உடனே விடமாட்டார், காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார். ஒரு மாலைக்குப் பத்து வீடுகளுக்கு மேல் திட்டமிடாதிருப்பது நல்லது.